முகம் வைக்காமல் விட்ட பேய்

மாசிலாமணிக்கு முதலில் துரோகம் செய்தவன் டைரக்டர் நாகமாணிக்கம். அவனுக்குப் பின்னால் மற்றவர்கள் வரிசையாக நிற்கிறார்கள், மச்சான் இருக்கிறான், எடிட்டர் இருக்கிறான், தயாரிப்பாளர் செத்துப்போய்விட்டான், ஆனால் செத்துப்போனதற்காக யாரையும் வரிசையிலிருந்து எடுத்துவிடுகிற வழக்கம் மாசிலாமணியிடம் கிடையாது. எத்தனை பேர் வந்து சேர்ந்தாலும் முன்னால் நிற்பவன் நாகமாணிக்கம்தான்.

அவன் எடுத்த ‘ஆழக்கேணி பங்களா’ என்ற பேய்ப் படத்தில், கிணற்றிலிருந்து ஏறி வரும் பெண் பேயாக நடந்தது மாசிலாமணி. கதாநாயகி கிணற்றுக்குள் இறங்க மாட்டேன், ஜலதோஷம் பிடிக்கும் என்று சொல்லிவிட்டாள். சண்டைக் குழுவில் யார் ஒல்லியாக இருக்கிறான் என்று தேடிப் பிடித்து, மாசிலாமணிக்குப் புடவை கட்டி, இடுப்புவரை சவுரி தொங்கவிட்டு, கயிற்றில் இறக்கினார்கள். பேய்க்குக் கால் கிடையாது, கால் தெரிந்தால் ஜனம் சிரித்துவிடும் என்று நாகமாணிக்கம் சொன்னதால், காற்றில் புடவை தூக்காமல் இருக்க அதன் கீழ்க்கரை முழுக்க இரும்பு நட்டுகளை வைத்துத் தைத்தார்கள். நனைந்த புடவை, அதன் அடியில் இரும்பு, இரண்டையும் இழுத்துக்கொண்டு, பாதம் வெளியே வராமல், முட்டி மடங்காமல், தரையைத் தடவித் தடவி அவர் நடந்த நடை, பிறகு ஊரில் பிள்ளைகள் ஒருவரையொருவர் பயமுறுத்த நடந்து காட்டிய நடையாக ஆகிவிட்டது.

விஷயம் நடையோடு நின்றிருந்தால்கூட அவர் பேசாமல் இருந்திருப்பார். ஆனால் படத்தின் கடைசியில், அது பேயே இல்லை, பங்களா காவல்காரன்தான் புடவை கட்டிக்கொண்டு வந்தான் என்று தெரியவர, சவுரி நழுவி விழ, மாசிலாமணியின் முகம் திரை முழுக்க வருவதாக ஒரு ஷாட் இருந்தது. ஒரு மத்தியானம் முழுக்க அதை எடுத்தார்கள். “உன் மூஞ்சி தமிழ்நாடு பூராத் தெரியப் போவுதுடா” என்று நாகமாணிக்கம் தோளில் தட்டினான். மாசிலாமணி நம்பினார். பெண் வீட்டார், பங்காளிகள் எல்லாரையும் வேன் வைத்துத் தியேட்டருக்கு அழைத்துப் போனார், இதோ வருகிறது, இதோ வருகிறது என்று மனைவி குணவதியின் கையை அழுத்திக்கொண்டே இருந்தார், பேய் நிதானமாகக் கிணற்றுக்குள் திரும்பிப் போனது, தியேட்டரில் விளக்கைப் போட்டுவிட்டார்கள். பேய் நிஜப் பேயாக இருந்தால்தான் படம் ஓடும் என்று விநியோகஸ்தர்கள் சொன்னதால் அந்த ஷாட்டை வெட்டிவிட்டார்கள் என்பது பிறகுதான் தெரியவந்தது. திரும்பி வரும்போது மச்சான், “என்னா மாமா, மூஞ்சியக் கெணத்துலயே வுட்டுட்டு வந்துட்டியா?” என்று கேட்க, வேன் மொத்தமும் சிரித்துக் குலுங்கியது. மச்சான் வரிசையில் இடம் பிடித்தது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு மாசிலாமணியால் ஓரிடத்தில் உட்கார முடிந்ததில்லை. சோற்றில் கை வைத்தால் எழுந்து வாசலை எட்டிப் பார்ப்பார், வாசலுக்கு வந்தால் தெருமுனைக்குப் போவார், தெருமுனையில் நின்றால் வீட்டில் யாராவது தேடி வந்திருப்பார்களோ என்று திரும்பி வருவார். முப்பது வருஷத்துக்கு மேல் இப்படியே போயிற்று.

பிறகு சாலிகிராமத்தில் அவர் குடியிருந்த கங்கையம்மன் கோயில் குறுக்குத்தெருவிலேயே, மாவு மில்லுக்கு மேல்மாடியில், வீடியோ கேம் செய்கிற ஆபீஸ் ஒன்று வந்தது. ‘ஆழக்கேணி பங்களா’வை கேமாக ஆக்கப் போகிறார்கள் என்றார்கள். பேயாக நடந்தவர் எதிர்வீட்டில்தான் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, பிரணவ் என்ற சுருட்டைமுடிக்காரன் இறங்கி வந்து அவரை மேலே கூட்டிப்போனான். உடம்போடு ஒட்டிய கறுப்பு உடை கொடுத்து, அசைவைக் கம்ப்யூட்டர் பிடித்துக்கொள்ள அதில் வெள்ளைக் குண்டுமணிகளை ஒட்டி, நடக்கச் சொன்னான். இரும்பு நட்டு தைத்த புடவை இல்லாமலேயே மாசிலாமணியின் கால்கள் அந்தக் கனத்தை இழுத்தன. சுவரில் இருந்த பெரிய திரையில், ஒரு சாம்பல் நிற உருவம் ஈரம் சொட்ட அதே நடை நடந்தது. முகம் இருக்க வேண்டிய இடம் மட்டும் உரித்த முட்டை மாதிரி வழவழவென்று இருந்தது.

“மூஞ்சி எங்க தம்பி?”

“மூஞ்சி கடைசியாத்தான் சார் வெப்போம். உங்க மூஞ்சியேதான். அந்தப் படத்துல வராத க்ளைமாக்ஸ் நம்ம கேம்ல வரும்.”

இதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்த மாசிலாமணி அன்றைக்கு ஒரு தட்டுச் சோற்றை எழுந்திருக்காமல் சாப்பிட்டார் என்பதை குணவதி அக்கம்பக்கத்தில் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள்.

அந்த கேமில் துப்பாக்கி இல்லை, ஓட்டம் இல்லை. இருட்டு பங்களாவுக்குள் பேய் நடக்கும், ஆடுகிறவன் ஒளிந்துகொண்டு மூச்சை அடக்க வேண்டும், அவ்வளவுதான். பெங்களூரிலிருந்து பணம் போடுகிற பெரியவர்கள் வந்து பார்த்தார்கள். ஆடுகிறவன் தூங்கிவிடுவான் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த யோசனையை ஆபீஸ் கைவிட்டது. கைவிட்ட அன்று காலை, தண்ணீர் லாரிக்காகத் தெரு முழுக்கக் குடங்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது, பேய் மாவு மில் பக்கத்துப் படிக்கட்டு வழியாக இறங்கி வந்து, டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து கோயில் வேப்பமரம் வரைக்கும் நடந்து, திரும்பி, வேப்பமரத்திலிருந்து டிரான்ஸ்ஃபார்மர் வரைக்கும் நடந்தது. அதற்குச் செய்து வைத்திருந்த தூரம் அவ்வளவுதான்.

“ஏ, யாரும்மா அது குடத்த இடிச்சிக்கினு போறது?” என்று ஒருத்தி கேட்டாள்.

“மேல்மாடி ஆபீசுல வேணாம்னு வுட்டது போலருக்கு. வழிய வுடு.”

வழிவிட்டார்கள். அன்றிலிருந்து குடங்களைப் பேய் போகிற தடத்தை விட்டு ஒரு முழம் தள்ளி வைப்பது தெருவின் பழக்கமாயிற்று. ஆட்டோக்காரர்கள் அது திரும்பும்வரை பொறுத்திருந்து வண்டியை எடுத்தார்கள். ஈரப் புடவையிலிருந்து ஓயாமல் சொட்டுகிறது, ஆனால் ஒரு சொட்டும் தரையில் விழுவதில்லை என்பதைக் கவனித்த பெண்கள், “இத்தினி சொட்டுறா, ஒரு குடம் ரொம்புதா பாரு, கார்ப்பரேசன் கொழா மாரியே” என்று அலுத்துக்கொண்டார்கள். கைக்குழந்தைகள் அழுதால் அதன் பின்னால் தூக்கிக்கொண்டு நடந்தார்கள், அந்த இழுவை நடையில் குழந்தை சொக்கித் தூங்கியது. யாருக்கும் பயம் வரவில்லை. முகம் இல்லாததைப் பார்த்து எப்படிப் பயப்படுவது என்று தெருவுக்குத் தெரியவில்லை.

ஆபீஸ்காரர்கள் அடுத்த யோசனைக்குப் போனார்கள். அதில் போலீஸ்காரன் ஒருவன் பேய்களை வரிசையாகச் சுடுவான். அதுவும் வேண்டாம் என்று ஆனபோது, இன்னும் அசைவு கொடுக்காத பேய்கள், இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டியபடி விறைப்பாக, ஒரு கூட்டமாக இறங்கி வந்து சுவரோரம் நின்றன. மறுநாளே அந்தக் கைகளில் லுங்கியும் பள்ளிக்கூடச் சட்டையும் காய்ந்தன. “அந்த மூணாவது பேய் எங்களுது, நேத்தே துண்டு போட்டு வெச்சிருக்கேன்” என்று சண்டைகூட நடந்தது. பிறகு, குழந்தைகள் ஆடட்டும் என்று எலுமிச்சம்பழத்தையும் மிளகாயையும் அடுக்கி உடைக்கிற ஒரு கேமை யோசித்துக் கைவிட்டார்கள். அந்தப் பழங்கள் படியில் உருண்டு வந்தன. ஒரே நிறத்தில் மூன்று சேர்ந்தால் சத்தமில்லாமல் மறைந்துவிடும் என்பதால், மளிகைக்கடைக்காரர் தன் கடைப் பழங்களோடு அவை கலந்துவிடக் கூடாது என்று கோணி கட்டி மறைத்தார்.

இத்தனையிலும் மாசிலாமணி படிக்கட்டில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தார்.

“மூஞ்சி வெக்கிறேன்னியேப்பா.”

“மூஞ்சி வெக்கிற கட்டத்துக்கு வரவே இல்ல சார். அதுக்குள்ள விட்டுட்டோம்.”

“நீ வுட்டுட்ட. அது கீழ திரியுது. என் கால வெச்சிக்கினு திரியுது. மூஞ்சி இல்லாம என்னாத்துக்கு என் காலு அதுக்கு?”

“அது இப்ப எங்க கம்ப்யூட்டர்லயே இல்ல சார். கீழ இருக்கிறதை நாங்க ஒண்ணும் பண்ண முடியாது.”

பிரணவும் வரிசையில் போய் நின்றான்.

மாசிலாமணி பேயின் கூடவே நடக்க ஆரம்பித்தார். வெயிலில் நடந்தார், மழையில் குடை பிடித்துக்கொண்டு நடந்தார், போகிற வருகிறவர்களிடம் எல்லாம் “இது என் நடை, தெரியுமா” என்றார். “அப்படியாண்ணே?” என்றார்கள், “சரி நைனா” என்றார்கள். ஆனால் அந்த வெற்று முகத்தில் ஒவ்வொருவரும் தங்களுக்கு வேண்டியவர்களைப் பார்த்துக்கொண்டார்கள், செத்துப்போன அக்காவைப் பார்த்தார்கள், கோபித்துக்கொண்டு போன மருமகளைப் பார்த்தார்கள். ஒருத்தி பொட்டு வைத்தாள், அது வழுக்கிக்கொண்டு தாடைக்கு வந்து உதிர்ந்தது. இன்னொருத்தி மை எழுதினாள். மாசிலாமணி தன் தோள்துண்டால் துடைத்துவிட்டார். தெரு முணுமுணுத்தது.

ஆடி பிறந்ததும் கோயில் கமிட்டித் தலைவர் செங்கோடன் ஒரு முடிவுக்கு வந்தார். “ஆத்தாவுக்குக் கூழு ஊத்துற அன்னிக்கு, மூஞ்சி இல்லாத ஒண்ணு கோயில் வாசல்ல குறுக்க நெடுக்கப் போனா நல்லாவா இருக்கு? கரகத்துக்கு மூஞ்சி வெக்கிறோம், தேங்காய்க்கே மூஞ்சி வெக்கிறோம். இதுக்கு ஒண்ணு வெச்சா என்னா? அந்தப் படத்துல நடிச்ச பொண்ணு மூஞ்சி லட்சணமா இருக்கும். போஸ்டர் பாத்து செஞ்சிரலாம்.”

கூட்டத்தில் எல்லாரும் தலையாட்டினார்கள். ஒரு தடவை முகம் வைத்துவிட்டால் பிறகு எடுக்க மாட்டார்கள் என்பது மாசிலாமணிக்குத் தெரியும். கங்கையம்மன் கோயிலில் வைத்த முகத்தை எடுத்ததாகச் சரித்திரமே கிடையாது.

“கெணத்துல எறங்க மாட்டேன்னவ மூஞ்சியா?” என்று அவர் கத்தினார். “நான் எறங்கனேன்யா! தவளை முதுகுல ஏறிச்சி, பாசி வாயில போச்சி, நான் எறங்கனேன்!”

“சரிய்யா, உன் மூஞ்சியே வெப்போம்” என்றார் செங்கோடன், கூட்டத்தைச் சீக்கிரம் முடிக்க வேண்டும் என்பதற்காக. “கூழு ஊத்துறதுக்குள்ள செஞ்சி எடுத்தாந்துடு. இல்லன்னா அந்தப் பொண்ணு மூஞ்சிதான்.”

முகம் எடுக்கத் தெரிந்தவர் அந்தப் பக்கத்தில் ஒருவர்தான் இருந்தார், மேக்கப்மேன் ஆரோக்கியம். ‘ஆழக்கேணி பங்களா’வில் மாசிலாமணிக்குச் சவுரி வைத்தவரும் அவரே. தியேட்டரில் விளக்கு போட்ட அந்த நாளிலிருந்து மாசிலாமணி அவரோடு பேசுவதில்லை, ஷாட்டை வெட்டியது முன்கூட்டியே தெரிந்தும் சொல்லவில்லை என்று கோபம். ஆகவே குணவதி நடுவில் நின்றாள். மாசிலாமணி குணவதியிடம் சொல்வார், ஆரோக்கியமும் குணவதியிடமே பதில் சொல்வார், மூன்று பேரும் ஒரே அறையில்தான் இருந்தார்கள்.

“மாவு காயற வரைக்கும் அசையக் கூடாதுன்னு உங்க வூட்டுக்காரர்கிட்டச் சொல்லும்மா. ஒரு ஸ்டேஜ்ல சுள்ளுனு சூடாவும். அப்பவும் அசையக் கூடாது.”

“நான் கெணத்துலயே தொங்கனவன்னு அவர்கிட்டச் சொல்லு.”

“கெணத்துல வாயத் தொறந்துகினுதான் தொங்கனாரு, எனக்கு ஞாபகம் இருக்கு. இங்க வாய மூடணும்.”

முகத்திலும் கழுத்திலும் எண்ணெய் தடவி, மூக்கில் உறிஞ்சுகுழல் சொருகி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மாவைக் குழைத்து அப்பினார் ஆரோக்கியம். எத்தனையோ வருஷங்களாக ஓரிடத்தில் உட்காராத மாசிலாமணி நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளங்கால்கள் மட்டும் தரையில் தேய்ந்துகொண்டே இருந்தன. மாவு குளிர்ந்தது, பிறகு கதகதப்பானது. இன்னும் கொஞ்சம்தான், இன்னும் கொஞ்சம்தான் என்று குணவதி காதோரம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்போது வேலை எந்த மட்டில் இருக்கிறது என்று பார்க்க வந்தார் செங்கோடன். சும்மா இருக்க முடியாத மனிதர். பேச்சுவாக்கில், “எது எப்பிடியோ ஆரோக்கியம், நடைன்னா அது நடை. டைரக்டரு அவரே நடந்து காட்டிக் கத்துக்குடுத்தாராமே? டி.வி.யில சொன்னாரு ஒரு தபா” என்றார்.

மாசிலாமணி எழுந்துவிட்டார். மாவு இறுகுகிற நேரம். உள்ளே இருந்த வாய் திறந்தது, புருவம் நெறிந்தது, கன்னம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது, மாவுக்குள்ளிருந்து ஒரு வசவு மூடி போட்ட உலை மாதிரி உறுமியது. குணவதியும் செங்கோடனும் இரண்டு தோளையும் அழுத்திப் பிடிக்க, அப்படியே சுள்ளென்று சூடேறி இறுகிப்போனது.

எடுத்துப் பார்த்தபோது அச்சில் இருந்தது, வாய் பிளந்து, கழுத்து நரம்பு புடைத்து, யாரையோ கேட்க வேண்டியதைக் கேட்கப் போகிற முகம்.

“கெட்டுப்போச்சா?” என்று கேட்டாள் குணவதி.

ஆரோக்கியம் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதல் தடவையாக மாசிலாமணியைப் பார்த்து நேராகப் பேசினார். “கெடலடா. நான் உன்ன வருஷக்கணக்கா தெருவுல பாக்கிற மூஞ்சி இதான்.”

மாசிலாமணி ஆரோக்கியத்தை வரிசையில் இரண்டு மூன்று பேருக்குப் பின்னால் தள்ளி வைத்தார்.

கூழ் ஊற்றிய நாளில், உடுக்கையும் பம்பையும் முழங்க, பேய் வேப்பமரத்தடியில் திரும்புகிற அந்த நொடியில், ஆரோக்கியம் முகத்தைப் பொருத்தினார். பொட்டும் மையும் நிற்காத இடத்தில் அது கப்பென்று ஒட்டிக்கொண்டது. சாந்தும் தசையும் எங்கே சேர்கின்றன என்று தெரியவில்லை. பேய் நின்றது. வந்த நாளிலிருந்து அது நின்றதில்லை.

பிறகு தெருவைப் பார்த்தது.

கூழ்ப் பாத்திரங்கள் உருண்டன. பின்னாலேயே தூங்கிப் பழகிய குழந்தைகள் வீறிட்டன. இவ்வளவு நாளும் குடத்தை நகர்த்தி வழிவிட்ட பெண்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள், கைகளில் துணி காய்ந்துகொண்டிருந்த பேய்களைக்கூட நம்பாமல் துணியை உருவிக்கொண்டு ஓடினார்கள். “யார்ரா அது? யாரு மூஞ்சிடா அது?” என்று செங்கோடன் கத்தினார். பக்கத்திலேயே மாசிலாமணி நின்றுகொண்டிருந்தார், ஆனால் யாரும் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை. மாடி ஜன்னலில் பிரணவின் சுருட்டைமுடி தெரிந்தது. “ஐயோ, இது! இதைத்தான் பெங்களூர்க்காரங்க கேட்டாங்க!” என்று அவன் தலையில் கைவைத்துக்கொண்டு கூவினான், படியில் பாதி இறங்கி, அந்த முகம் தன் பக்கம் திரும்பியதும் மறுபடி ஏறிவிட்டான்.

முகம் வந்ததும் கோபமும் வந்துவிட்டது, கோபத்துக்கு வழி தெரிந்திருந்தது. டிரான்ஸ்ஃபார்மரோடு திரும்ப வேண்டிய பேய் திரும்பவில்லை. தெருமுனையைத் தாண்டியது. ஆற்காடு சாலையில் இறங்கி, பஸ்களுக்கு நடுவே, பாதம் தெரியாமல், முட்டி மடங்காமல், தரையைத் தடவித் தடவிப் போயிற்று. சிக்னலில் போலீஸ்காரர் கையைத் தூக்கி, முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை இறக்கினார். மாசிலாமணி பின்னால் ஓடினார், செருப்பு அறுந்து ஓடினார், அவருக்குப் பின்னால் குணவதி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள். எங்கே போகிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. வரிசையின் முன்னால் நிற்பவனிடம் போகிறது. அவர் எத்தனையோ தடவை அந்த வீட்டு கேட்வரை போய், கூப்பிடாமல் திரும்பி வந்திருக்கிறார். பேய்க்கு அந்தத் தயக்கம் எல்லாம் கிடையாது.

வளசரவாக்கத்தில் நாகமாணிக்கத்தின் வீட்டுக் கதவைத் திறந்த மருமகள், “பாட்டு கீட்டு வேண்டாம்மா, போயிட்டு வாங்க” என்றாள், ஆடி மாசத்தில் யாரோ வேஷம் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று நினைத்து. பேய் அவளைத் தாண்டி உள்ளே போனது. மாசிலாமணியும் போனார். குணவதி வாசலோடு நின்றுவிட்டாள்.

ஜன்னலோரம் சாய்வு நாற்காலியில், முட்டிக்குமேல் போர்வையோடு, காய்ந்துபோன ஒரு கிழவர் இருந்தார். கதை, பெயர், வருஷம் எல்லாம் கலங்கிப்போய்விட்டது, பெற்ற மகனையே லைட்மேன் என்று கூப்பிடுகிறார் என்று மருமகள் பின்னாலிருந்து சொன்னாள். பேய் அவர் எதிரில் போய் நின்றது. வாய் பிளந்து, கன்னம் இழுத்து, கழுத்து நரம்பு புடைத்து நின்றது.

நாகமாணிக்கம் கண்ணைச் சுருக்கினார். போர்வைக்குள்ளிருந்து இரண்டு கைகளும் வெளியே வந்து, விரல்களைச் சேர்த்து ஒரு சதுரமாகப் பிடித்தன. அந்தச் சதுரத்துக்குள்ளே பேயின் முகத்தை வைத்து வெகுநேரம் பார்த்தார். கண்ணோரம் நனைந்தது.

“இந்த மூஞ்சி இருந்தா போதும்டா” என்றார். “படமே வேணாம். ஏன்டா இத்தன நாளா இத எனக்கு யாருமே காட்டல?”

மாசிலாமணிக்குக் கால் நிலைகொள்ளவில்லை. ஓரடி முன்னால் வந்தார்.

“சார், நான் மாசிலாமணி சார். அது என் மூஞ்சி சார். நீங்க எடுத்தீங்க. ஒரு மத்தியானம் பூரா எடுத்தீங்க.”

சதுரத்தை எடுக்காமலேயே கிழவர் முகத்தைச் சுளித்தார். “யாருய்யா அது ஃப்ரேமுக்குள்ள? தள்ளி நில்லு, வெளிச்சத்த மறைக்கிற.”

மாசிலாமணி தள்ளி நின்றார். யோசிப்பதற்குள் கால்கள் தாமாகத் தள்ளி நின்றுவிட்டன, சண்டைக் குழுவில் வேலை பார்த்தவனின் கால்கள் அந்தக் குரலுக்கு அப்படித்தான் செய்யும். பேயின் பிளந்த வாய் மெல்ல, மெல்ல மூடிக்கொண்டது. புருவம் தளர்ந்தது. கன்னம் இறங்கி அதன் இடத்துக்கு வந்தது. அது கிழவருக்கு எதிரில் தரையில் உட்கார்ந்து, புடவையை இழுத்து முட்டியைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு, பார்க்கட்டும் என்று முகத்தை நிமிர்த்தி வைத்துக்கொண்டது. மருமகள் அதற்கு ஒரு மணைப் பலகையைக் கொண்டுவந்து போட்டாள்.

மாசிலாமணி வெளியே வந்தார். குணவதி கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

“என்னாங்க ஆச்சு? பாத்தாரா?”

“பாத்தான்.”

“என்னா சொன்னாரு?”

“நல்ல மூஞ்சின்னான். இத்தன நாளா ஏன் காட்டலன்னான். அழுதுட்டான்.”

“அப்பாடா” என்றாள் குணவதி. “முடிஞ்சுதில்ல. வாங்க, ஆட்டோ புடிப்போம். கூழு எல்லாம் கொட்டிக் கெடக்குது அங்க.”

அவர் வரவில்லை. கேட்டுக்கு இந்தப் பக்கம் கொஞ்ச தூரம் நடந்தார், அந்தப் பக்கம் கொஞ்ச தூரம் நடந்தார், ஜன்னலுக்கு நேராக வரும்போதெல்லாம் உள்ளே எட்டிப் பார்த்தார், திரும்ப நடந்தார்.

“இன்னும் என்னாங்க?”

“என்கிட்டச் சொல்லலடி” என்றார் மாசிலாமணி. “அதுகிட்டதான் சொன்னான்.”